ஜெபம் நின்றுபோன சிற்றாலயங்கள்

இங்கிலாந்தின் சிறு நகரங்களில் பழைய கல்லறைத் தோட்டம் எதற்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான். வாசலிலிருந்து கிளம்பும் பாதை நேரே போய் ஒரு கல் வளைவை எட்டும். வளைவுக்கு மேலே கூர்கோபுரம். இடப்பக்கம் ஒரு சிற்றாலயம், வலப்பக்கம் அதே அளவில், அதே அச்சில் இன்னொன்று. நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். சவ வண்டி வளைவுக்குள் வந்து நின்றால் மழையில் நனையாமல் பெட்டியை இறக்கலாம். இறந்தவர் ஆங்கிலிக்கன் திருச்சபைக்காரர் என்றால் ஒரு கதவு. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற மாற்றுச் சபைக்காரர் என்றால் எதிர்க்கதவு. தோட்டமும் இரண்டு பாதிதான்: ஆயர் வந்து புனிதப்படுத்தியது ஒன்று, புனிதப்படுத்தாதது ஒன்று.

அந்தக் கதவுகளில் பலவற்றில் இன்று பூட்டுத்தான் தொங்குகிறது. உள்ளே புல்வெட்டும் இயந்திரமும் மண்வெட்டிகளும், பனிக்காலத்தில் பாதையில் தூவுவதற்கான உப்பு மூட்டைகளும் கிடக்கின்றன. கூரையிலிருந்த ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனபின் மழை நேராக உத்தரத்தில் இறங்குகிறது. இடித்துத் தள்ளப்பட்டவையும் நிறைய. லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இருந்த இரண்டு சிற்றாலயங்களும் 1960களில் அடியோடு அகற்றப்பட்டன. மிஞ்சியவற்றை என்ன செய்வது என்ற கேள்வி நகராட்சிகளையும் அக்கம்பக்கத்து மக்களையும் பல ஆண்டுகளாகத் துரத்துகிறது. சில ஊர்கள் அதற்கு நல்ல விடை கண்டிருக்கின்றன.

இத்தனை சிற்றாலயங்கள் ஏன் முளைத்தன என்பதற்குப் பின்னால் ஒரு கொடுமையான கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பிரிட்டனில் இறந்தவர்களை ஊர்க்கோயில் வளாகத்திலேயே புதைத்தார்கள். லண்டன் வீங்கப் பெருக, அந்த வளாகங்கள் தாங்கவில்லை. ஸ்ட்ராண்ட் சாலைக்கு அருகே 1820களில் திறக்கப்பட்ட ஈனான் சிற்றாலயத்தில் போதகர் மலிவுக் கட்டணத்தில் நிலவறையிலேயே உடல்களை வாங்கிப் போட்டுக்கொண்டார். சுமார் 12,000 உடல்கள் என்பது அக்காலத்துக் கணக்கு. மேலே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கீழே கிடந்தவர்களுக்கும் நடுவே இருந்தது பலகைத் தரை மட்டும்தான். நாற்றத்தில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

இந்த அவலத்தை ஊரறியச் செய்தவர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் வாக்கர் என்ற அறுவை மருத்துவர். லண்டனின் இடுகாடுகளைப் பற்றி 1839இல் அவர் வெளியிட்ட நூல் அரசாங்கத்தையே உலுக்கியது. ஆனால் ஈனானின் கதை அத்துடன் முடியவில்லை. போதகர் போனபின் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் தரைக்குச் செங்கல் பாவி, அதன்மேல் நடன நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். கீழே கிடந்தவர்களை யாரும் அகற்றவில்லை. கடைசியில் வாக்கரே அந்த இடத்தை எடுத்து, எலும்புகளைத் தென்லண்டனின் நார்வுட் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் முறையாக அடக்கம் செய்யவைத்தார்.

அடக்கக் கட்டடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது என்று இன்று யாராவது பேச்செடுத்தால் சிலர் முகம் சுளிப்பது ஏன் என்பதற்கு ஈனான் போதும். அங்கே நடந்த தவறு நடனம் அல்ல. இறந்தவர்களைச் செங்கலால் மூடி மறைத்துவிட்டு, அவர்கள் அங்கே இல்லவே இல்லை என்று பாவித்ததுதான் தவறு. இன்றைய முயற்சிகளில் நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்கவும் இதே அளவுகோல் உதவும்.

1830களிலிருந்து தனியார் கம்பெனிகள் லண்டனைச் சுற்றி ஏழு பெரிய கல்லறைத் தோட்டங்களை அமைத்தன. 1833இல் கென்சல் கிரீன் முதலில் வந்தது. 1848–49இல் காலரா கொள்ளை கொண்டு போனபின், 1852இலும் 1853இலும் வந்த சட்டங்கள் ஊர்தோறும் அடக்க வாரியம் அமைக்க வழிசெய்தன. நகருக்கு வெளியே நிலம் வாங்கு, சுற்றுச்சுவர் எழுப்பு, ஆளுக்கொரு சிற்றாலயம் கட்டு என்று நூற்றுக்கணக்கான ஊர்களில் வேலை நடந்தது. சபைப் பிளவைக் கல்லில் செதுக்கி வைத்த காலம் அது.

பிறகு எரியூட்டும் வழக்கம் வந்தது. 1885இல் வோக்கிங் நகரில் முதல் தகனம் நடந்தபோது அதை அருவருப்போடு பார்த்தவர்களே அதிகம். 1960களின் இறுதியில் புதைப்போரைவிட எரிப்போர் கூடிவிட்டார்கள். இன்று பிரிட்டனில் இறப்பவர்களில் நூற்றுக்கு 80 பேர் அளவில் தகனம் செய்யப்படுகிறார்கள். தகன மையத்திலேயே ஜெபக்கூடமும் உண்டு, சூடேற்றும் வசதியும் உண்டு, வாகனம் நிறுத்த இடமும் உண்டு. புதைக்க விரும்புகிறவர்களும் ஆராதனையை ஆலயத்தில் முடித்துக்கொண்டு நேரே குழிமேட்டுக்குத்தான் போகிறார்கள். நடுவில் இருந்த சிற்றாலயத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வேலை இல்லாத கட்டடத்துக்கு வேலை தேடுவது சொல்வதற்கு எளிது. முதல் சிக்கல் கழிப்பறை. அரைமணி நேர ஜெபத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது, பல இடங்களில் மின்சாரமும் கிடையாது. வெளியே ஒரு சின்ன அறை கட்டிக்கொள்ளலாம் என்றால், பயன்பாட்டில் இல்லாத இடுகாட்டின்மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1884ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டலாம் என்றால் சுவரை ஒட்டியே கல்லறைகள். ஆயர் புனிதப்படுத்திய பகுதி என்றால் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி தேவை. கூரையில் வௌவால் குடியிருந்தால் இனப்பெருக்கக் காலம் முடியும்வரை வேலையையே நிறுத்திவைக்க நேரும், ஏனென்றால் பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களும் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன.

இத்தனையையும் தாண்டி வந்த இடங்களில் நம் வாசகர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது பிரிஸ்டல் நகரின் ஆர்னோஸ் வேல். பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்த ராஜா ராம்மோகன் ராய் உறங்குவது அங்கேதான். முகலாயப் பேரரசரின் தூதராக இங்கிலாந்து போன ராய், 1833 செப்டம்பர் 27 அன்று பிரிஸ்டல் அருகே ஸ்டேபிள்டனில் காலமானார். அப்போது ஆர்னோஸ் வேல் திறக்கப்படவே இல்லை. அவர் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது. ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா துவாரகாநாத் தாகூர் 1843இல் உடலை ஆர்னோஸ் வேலுக்கு மாற்றச் செய்து, வங்காளத்துச் சத்திரி பாணியில் தூண்களும் குவிமாடமும் கொண்ட ஒரு மண்டபத்தை எழுப்பினார். இங்கிலாந்து மரங்களுக்கு நடுவே அந்தக் கல் மண்டபம் இன்றும் நிற்கிறது. ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரின் கல்லறையும் இதே தோட்டத்தில்தான். தமிழ்நாட்டு கிறிஸ்தவக் குடும்பங்களில் அவர் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு.

1839இல் திறக்கப்பட்ட 45 ஏக்கர் தோட்டம் அது. சார்லஸ் அண்டர்வுட் வடிவமைத்த இரண்டு சிற்றாலயங்கள். ஆங்கிலிக்கன்களுக்கு இத்தாலிய பாணியில் மணிக்கூண்டோடு ஒன்று. மாற்றுச் சபையாருக்கு கிரேக்கக் கோயில் முகப்போடு ஒன்று. இந்த இரண்டாவது சிற்றாலயத்தில் 1920களில் தகன மையமும் அமைந்தது. 1987இல் அன்றைய உரிமையாளர் தோட்டத்தின் ஒரு பகுதியில் வீடுகள் கட்டும் திட்டத்தை வெளியிட்டதும் ஊர் கொதித்தெழுந்தது. 1998இல் தகன மையம் மூடப்பட்டது, வாசலும் அடைபடும் நிலை வந்தது. அப்போது அக்கம்பக்கத்தார் முறை வைத்துக்கொண்டு தினமும் வந்து வாசலைத் திறந்துவைத்தார்கள். தங்கள் தாயும் தகப்பனும் புதைந்த இடத்துக்குப் போக வழி வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கோரிக்கை. ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. 2003இல் பிரிஸ்டல் நகராட்சி கட்டாயக் கையகப்படுத்தல் மூலம் தோட்டத்தை எடுத்து ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பாரம்பரியத்துக்கான லாட்டரி நிதியிலிருந்து சுமார் 48 லட்சம் பவுண்டு வந்தது. சிற்றாலயங்கள் பழுது பார்க்கப்பட்டுத் திறந்தன.

இப்போது அங்கே திருமணம் நடக்கிறது. நாடகமும் திரைப்படக் காட்சியும் யோகா வகுப்பும் நடக்கின்றன. சிற்றுண்டிக் கடை உண்டு. தோட்டத்தின் மரச்செறிவில் இயற்கை முறை அடக்கமும் தொடர்கிறது. அதாவது, மணப்பெண் படியேறும் அதே நாளில் சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் துக்கத்தோடு நடந்து போகலாம். இதைச் சமாளிப்பது எளிதல்ல. நேரத்தைப் பிரித்துக்கொடுக்க வேண்டும், ஒலியை அடக்க வேண்டும், வாகனங்களை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க வேண்டும். ஆனால் அங்கே எதையும் மறைக்கவில்லை. கிரேக்க முகப்புச் சிற்றாலயத்தின் நிலவறைக்கு இறங்கினால் பழைய தகன உலை அப்படியே நிற்கிறது. மேலே பெட்டியை வைத்து ஜெபித்த கூடம், கீழே அது போய்ச் சேர்ந்த உலை என்று ஒரு சாவின் முழுப் பாதையையும் பார்வையாளர்கள் பார்க்கலாம். ஈனானில் செங்கல் பாவி மூடியதை இங்கே திறந்து காட்டுகிறார்கள். விருந்துக்கு வந்தவர்களுக்கும் தாங்கள் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று தெரியும்.

பணமில்லாத ஊர்களும் இதையே செய்ய முடியுமா? முடியாது. அதனால் கட்டடத்தின் குணத்தைப் பார்த்து அதற்கேற்ற வேலையைக் கொடுத்த இடங்களைக் கவனிப்பது நல்லது. லிவர்பூலில் பேராலயத்தின் ஓரத்தில் நிற்கிறது ஆரட்டரி என்ற கட்டடம். ஜான் ஃபாஸ்டர் 1829 வாக்கில் செயின்ட் ஜேம்ஸ் கல்லறைத் தோட்டத்துக்காகக் கட்டிய சிற்றாலயம் அது. பார்வைக்கு அசல் கிரேக்கக் கோயில். சுவரில் ஜன்னலே கிடையாது. கூரைக் கண்ணாடி வழியாக மட்டும் வெளிச்சம் இறங்கும். குடியிருக்கவோ அலுவலகம் வைக்கவோ இது உதவாது. ஆனால் பளிங்குச் சிலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சத்தைவிட வேறென்ன வேண்டும்? தோட்டம் 1936இல் நிரம்பி மூடப்பட்டது. 1986 முதல் கட்டடம் லிவர்பூல் அருங்காட்சியகங்களின் பொறுப்பில் சிற்பக்கூடமாக இருக்கிறது. ஆணி அடிக்காமல், சுவர் இடிக்காமல் கிடைத்த புதுவாழ்வு.

கென்சல் கிரீனில் மாற்றுச் சபையாரின் சிற்றாலயம் தோட்டத்தின் கிழக்கு மூலையில், சாலைப் பக்கம் தனி வாசலோடு இருக்கிறது. ஒதுக்கிவைக்க வேண்டும் என்று அன்று நினைத்தார்களோ என்னவோ, அந்த ஒதுக்கமே இன்று உதவியாயிற்று. தெருவிலிருந்தே உள்ளே வரலாம், கல்லறைகளுக்கு நடுவே கூட்டம் போக வேண்டியதில்லை. 1990களில் பழைய ஆலயங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளை அதைக் குத்தகைக்கு எடுத்துச் சீரமைத்தது. ஓவியக் கண்காட்சிகள் நடந்தன, தோட்டத்தின் ஆர்வலர் குழுவுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

நன்ஹெட் இன்னும் துணிச்சலான வழியைத் தேர்ந்தெடுத்தது. தென்லண்டனில் உள்ள இந்தத் தோட்டத்தைக் கம்பெனி கைவிட்டபின், சதக் நகராட்சி 1975இல் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. அதற்குள் யாரோ வைத்த தீயில் ஆங்கிலிக்கன் சிற்றாலயத்தின் கூரை எரிந்து போயிருந்தது. லாட்டரி நிதி கிடைத்தபோதும் கூரையைத் திரும்பப் போடவில்லை. சுவரை மட்டும் உறுதிப்படுத்தி, வானம் பார்த்த நிலையிலேயே விட்டார்கள். கோடையில் அங்கே இசையும் நாடகமும் நடக்கின்றன. கூரை இல்லை என்றால் சூடேற்றும் செலவும் இல்லை, ஒழுகலும் இல்லை. எல்லாக் கட்டடத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் நன்ஹெட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆப்னி பார்க் கதை வேறு. 1840இல் திறந்த இந்தத் தோட்டத்தில் எந்தப் பகுதியையும் புனிதப்படுத்தவில்லை. எல்லாச் சபையாருக்கும் ஒரே சிற்றாலயம், ஒரே கதவு. அந்த நாளில் அது பெரிய காரியம். இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேத்தரினும் இங்கேதான் அடக்கமானார்கள். கம்பெனி நொடித்து, சிற்றாலயம் தீக்கும் நாசவேலைக்கும் இரையாகி, பல பத்தாண்டுகள் கம்பிவேலிக்குள் கிடந்தது. ஹாக்னி நகராட்சியும் லாட்டரி நிதியும் கைகொடுக்க, அண்மையில்தான் கூரை வேய்ந்து திறந்திருக்கிறார்கள். புனிதப்படுத்தாத நிலம் என்பதால் திருச்சபை நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிய தேவையும் இல்லை. 1840இல் எடுத்த ஒரு தாராளமான முடிவின் பலன் இத்தனை காலம் கழித்தும் கிடைக்கிறது.

பிரிட்டனைவிட ஒருபடி முன்னே போயிருக்கும் நகரம் பெர்லின். அங்கேயும் அஸ்திக் கலசம் புதைக்கும் வழக்கம் பெருகியதால் கல்லறைத் தோட்டங்களுக்கு அத்தனை நிலம் தேவைப்படவில்லை. பெர்க்மான் தெருவில், உறவினர் வந்து பார்ப்பதற்காக உடலைக் கிடத்திவைத்திருந்த கூடம் 2013 முதல் காபிக் கடையாக இருக்கிறது. நொய்கோல்ன் பகுதியில் ஒரு கல்லறைச் சிற்றாலயத்தில் காலை உணவு பரிமாறுகிறார்கள். அதே வட்டாரத்தில் இன்னொரு தோட்டத்தில் நகர விவசாயக் குழு ஒன்று காய்கறி பயிரிடுகிறது. மேரிங்டாம் சாலையோரத் தோட்டத்தில், இசைமேதை மெண்டல்சோன் குடும்பத்தின் கல்லறைகளுக்கு அருகே, பழைய சிற்றாலயம் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லும் நிரந்தரக் கண்காட்சியாயிற்று. வெட்டிங் பகுதியில் 1912இல் திறந்த தகன மையம் இப்போது கலைக்கூடம். கலசங்கள் வைத்த மாடங்கள் சுற்றிலும் இருக்க, எண்கோணக் கூடத்தில் கச்சேரி நடக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட மனத்தைத் தொடுவது டோரோதேயன்ஸ்டாட் தோட்டத்துச் சிற்றாலயம். தத்துவஞானி ஹெகலும் நாடகாசிரியர் பிரெக்டும் உறங்கும் தோட்டம் அது. அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரல் 2015இல் அந்தச் சிற்றாலயத்துக்குள் ஒளியமைப்பு ஒன்றை நிறுவினார். படமோ சிலையோ எதுவும் இல்லை. வெறும் சுவர், பலிபீடம், மாடங்கள். சூரியன் சாயும் நேரத்தில் உட்கார்ந்தால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம் சுவர் முழுக்கப் பரவி, நீலம் ஊதாவாகி, ஊதா சிவப்பாகி, ஜன்னலுக்கு வெளியே இருட்டுவதற்கேற்ப அடர்ந்துகொண்டே போகும். முக்கியமான செய்தி இதுதான்: அங்கே இறுதி ஆராதனைகள் தொடர்ந்து நடக்கின்றன. கலையைப் பார்க்க வருகிறவர்களும் அழ வருகிறவர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

தனிவீடாக விற்றுவிடும் வழியும் உண்டு. பணமுள்ள ஒருவர் வாங்கினால் கூரை ஒழுகாது, சுவர் விழாது, நகராட்சிக்குச் செலவும் மிஞ்சும். ஆனால் அதன்பின் ஊர்க்காரருக்கு அது இன்னொருவர் வீடு. தாத்தாவின் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவர் திடீர் மழைக்கு ஒதுங்க முடியாது, கைகழுவ ஒரு குவளைத் தண்ணீர் கேட்க முடியாது. அந்தக் கட்டடத்தைக் கட்டியது ஊர் வரிப்பணத்தில். வேறு வழியே இல்லாத இடங்களைத் தவிர மற்ற இடங்களில் இதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

பெரிய நிதியும் பேர்பெற்ற கலைஞரும் எல்லா ஊருக்கும் வாய்க்காது. சிறு நகரங்களில் வேலையைத் தொடங்குவது பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் சிலர்தான். அவர்கள் முதலில் செய்வது திட்ட அறிக்கை எழுதுவதல்ல. ஏணி வைத்து ஏறி, கூரை ஓரத்து மழைநீர்க் காலில் அடைந்த இலைகளை அள்ளுகிறார்கள். பழைய கட்டடத்துக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி அந்த இலைகளில்தான் தொடங்குகிறது. பிறகு புல்வெட்டும் இயந்திரத்துக்கு நகராட்சியிடம் வேறு இடம் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு மேசை, நாலு நாற்காலி, அடக்கப் பதிவேடுகளின் நகல் இருந்தால் சனிக்கிழமை பிற்பகலில் கதவைத் திறந்துவிடலாம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் மூதாதையர் பெயரைத் தேடிக்கொண்டு இப்படிப்பட்ட ஊர்களுக்கு வருகிறார்கள். பதிவேட்டில் பெயரும் கல்லறை எண்ணும் கிடைத்ததும், குழுவில் ஒருவர் எழுந்து, பாதையைக் காட்டிக் கூடவே நடந்து போகிறார்.